ஒட்டிக்கொண்ட பக்கம்

தன்னுடைய சொந்தக் குழுவில், தன்னுடைய சொந்த இடத்துக்கு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, நான்கு பேரில் நான்காவதாக வந்தவர் லுப்பெர்ட் நௌட்டா. உத்ரெக்ட் ஊரில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். “தேர்வு முறையாத்தானே நடந்துச்சு?” என்று கேட்பார்கள். முறையாகத்தான் நடந்தது. வயிற்றெரிச்சலே அதுதான்.

லுப்பெர்ட் வாசிப்பது ஹார்ப்சிகார்ட். அதைப் பியானோவுக்குப் பாட்டன் என்று வெளியாட்கள் சொல்வார்கள். அவர் காதில் விழுந்தால் போச்சு, அரை மணி நேரம் பாடம் நடத்திவிடுவார். கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன இறகுத் தண்டு தந்தியைச் சுண்டிவிடும். சத்தம் நாலாவது வரிசையைத் தாண்டாது. ஆனாலும் பழைய இசையில் அதை வாசிக்கிறவர்தான் குழுவை நடத்துகிறவர். இரண்டு கையும் கீயில் இருப்பதால் தலையை ஆட்டித்தான் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போக வேண்டும். லுப்பெர்ட் தலையாட்டினால் வயலின் வகையறாவின் ஏழு வில்களும் ஒன்றாகத் தந்தியில் இறங்கும். வாழ்க்கையில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால், மனைவி அலைடா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த ஒரு கணத்தைத்தான் சொல்வார்.

இருபத்தேழு வயதில் அவர் ‘நனைந்த குருவி’ என்ற குழுவைத் தொடங்கினார். பெயருக்குக் காரணம் கேட்காதீர்கள்; அந்தக் காலத்தில் எல்லாக் குழுக்களும் ஏதாவது ஒரு பறவையையோ பாத்திரத்தையோ பிடித்துப் பெயராக வைத்துக்கொண்டன. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இசையை மற்றவர்கள் கெட்டிக் குழம்பாக வாசித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பிள்ளைகள் ஆட்டுக்குடல் தந்தியும் குட்டை வில்லுமாக வந்து, “அந்தக் காலத்துல இப்படித்தான் வாசிச்சாங்க” என்று சண்டைக்கு நின்றார்கள். வாத்தியார் சொல்வதை நம்பாதே, ஆதாரத்தைப் பார் என்பதுதான் லுப்பெர்ட்டின் மந்திரம். அதைச் சொல்லியே உலகம் சுற்றினார், இசைத்தட்டுகள் போட்டார், கல்லூரியில் பேராசிரியரானார், ஒரு தலைமுறையையே கெடுத்துவைத்தார். எழுபது வயதில் கேக் வெட்டி, கைதட்டி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குழுவை ஃபென்னாவிடம் கொடுத்தார்கள்.

ஃபென்னா வயலின்காரி. முனைவர் பட்டம் வாங்கியவள், கெட்டிக்காரி, சிரிக்கத் தெரியாதவள். அவள் பட்டத்துக்குப் போன சமயத்தில் பழைய இசையில் ஆராய ஒன்றும் மிச்சமில்லை. எல்லாரையும் எல்லாரும் ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் லுப்பெர்ட் மட்டும்தான். அதனால் அவள் ‘நனைந்த குருவி’யின் முதல் கச்சேரியையே எடுத்துக்கொண்டாள். அதன் டேப் ஒன்று இருந்தது. அதில் மெதுவான பகுதி முடிகிற இடத்தில், கடைசி ஸ்வரத்துக்கு முன்னால், எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். ஒரே நிசப்தம். யாரோ ஒருவர் இருமுகிறார். அதற்கப்புறம்தான் கடைசி ஸ்வரம் வருகிறது. அந்த நிசப்தத்தைப் பற்றி மட்டும் ஃபென்னா ஒரு தலையணை கனத்துக்கு எழுதியிருந்தாள்.

குழு ஆரம்பித்து நாற்பத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட நிர்வாகக் கூட்டம் போட்டார்கள். தலைவர் ஆர்னவுட் பல் மருத்துவர் என்பதால் கூட்டம் அவருடைய மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடந்தது. ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். டப்பாவை உடனே மூடி வைத்துவிட்டார்கள். லுப்பெர்ட்டையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஃபென்னா விஷயத்தைச் சொன்னாள். ஆகஸ்ட் கடைசியில் ஊரில் பழைய இசை விழா நடக்கிறதல்லவா, அதில் முதல் கச்சேரியை அப்படியே திரும்ப நடத்த வேண்டும். அதே இசை, அதே தேவாலயம், அதே உடுப்பு.

“உடுப்புன்னா? அந்தக் கம்பளி ஸ்வெட்டரா?” என்றார் லுப்பெர்ட். “ஆகஸ்ட்லயாம்மா? வெந்துபோயிடுவீங்க.”

“முதல் கச்சேரி பிப்ரவரியில நடந்துச்சு லுப்பெர்ட். ஸ்வெட்டர் போட்டா முழங்கை வேற மாதிரி மடங்கும். அது வில்லுல கேக்குது.”

“அப்ப ஹீட்டர் கெட்டுப்போச்சு, அதனால போட்டோம்!”

“காரணம் எங்களுக்கு முக்கியம் இல்லை,” என்றாள் ஃபென்னா அமைதியாக. “அப்புறம் சுருதி. டேப்ல வழக்கத்தைவிடக் கால் கட்டை ஏத்தமா இருக்கு. வேகமும் கூட. அதையே வெச்சுக்கிறோம்.”

“ஐயையோ, அது சுருதி இல்லம்மா, பேட்டரி! டேப்ரெக்கார்டர்ல பேட்டரி தீந்துக்கிட்டே இருந்துச்சு. மெதுவா ஓடிப் பதிவானதைச் சரியான வேகத்துல போட்டா ஏத்தமாத்தான் கேக்கும். ஆர்னவுட், உங்கப்பாவோட ரெக்கார்டர்தானே அது? சொல்லேன்யா!”

ஆர்னவுட் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார். “டேப்ல இருமுறதும் எங்கப்பாதான்,” என்றார்.

“பேட்டரிக்கு ஆதாரம் இருக்கா?” என்று கேட்டாள் ஃபென்னா.

“ஆதாரம் நான்தான்! நான் அங்க உக்காந்திருந்தேன்!”

“நீங்க ஞாபகம், லுப்பெர்ட். டேப்புதான் ஆதாரம். நீங்கதானே எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீங்க?”

சரி, ஸ்வெட்டரோ சுருதியோ என்னவோ செய்து தொலையட்டும் என்று லுப்பெர்ட் விட்டுக்கொடுத்தார். அவருக்கு வேண்டியது வேறு. இரண்டு வருஷமாக வீட்டில் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறார். தலையை ஆட்டினால் ஜன்னல் திரைதான் ஆடுகிறது. ஏழு வில்களும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் தலையசைப்புக்கு இறங்க வேண்டும் என்று அந்த மனுஷர் ஏங்கிக்கொண்டிருந்தார். அதனால் பேச்சை மாற்றி, “அது கிடக்கட்டும், நான் ஒத்திகைக்கு எப்ப வரணும்?” என்று கேட்டார்.

எல்லாரும் காபியைக் கலக்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே கலக்கிய காபி.

“அப்ப உங்களுக்கு இருபத்தேழு வயசு,” என்றாள் ஃபென்னா. “அந்த விரல் வேற, இந்த விரல் வேற. அதுக்கப்புறம் நீங்க நாப்பத்தஞ்சு வருஷம் கத்துக்கிட்டிருக்கீங்க. அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?”

“திரை போட்டுத் தேர்வு வெச்சிடலாமே,” என்றார் ஆர்னவுட் அவசரமாக. “லுப்பெர்ட்டும் வரட்டும். எல்லாரும் சமம்தானே?”

இந்த நாட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது.

தேர்வன்று லுப்பெர்ட்டுக்கு மூன்றாம் எண் விழுந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த மெதுவான பகுதியை வாசித்தார். நன்றாகவே வாசித்தார். இருபத்தேழு வயதில் தப்பாக வாசித்த கமகங்களையெல்லாம் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து திருத்தியிருந்தாரே, அத்தனையையும் கொட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் நிர்வாகக் குழு காதில் டேப்பை மாட்டிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவை ஆர்னவுட் நின்றுகொண்டு படித்தார். முதல் எண்ணுக்குப் பாராட்டு. மூன்றாம் எண்ணுக்கு, லுப்பெர்ட் நௌட்டாவின் பாணியைப் பற்றிய அறிவு மேலோட்டமானது. பிற்காலத்து அலங்காரங்கள் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் அந்தக் காத்திருப்பே இல்லை.

லுப்பெர்ட் திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு வந்தார்.

“காத்திருப்பாவது மண்ணாங்கட்டியாவது! அலைடா பக்கம் திருப்பறதுக்கு லேட் பண்ணிட்டா. அவதான் அன்னிக்கு முதல் வயலின். பக்கம் ஒட்டிக்கிச்சு, அவ திருப்பட்டும்னு நான் உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்யா உங்க காத்திருப்பு!”

ஃபென்னாவின் முகம் வெளுத்துவிட்டது. தலையணை கனத்துக்கு எழுதியவள் பாவம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் நேர்மையானவள். “ரெண்டு பேரோட ஞாபகம் தனித்தனியா ஒத்துப்போனா, அதை ஆதாரமா எடுத்துக்கலாம்,” என்றாள். “அலைடாவும் இதையே சொன்னா, காத்திருப்பு தேவையில்லைன்னு ஆயிடும். அப்ப உங்களைத் தள்ளினது தப்பு. அந்த இடம் உங்களுக்குத்தான்.”

உடனே எல்லாரும் சைக்கிளில் ஏறி ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டத்துக்குப் போனார்கள். அலைடா விரல் மூட்டு வீங்கி வயலினை விட்டு வருஷக்கணக்காகிறது. இப்போது வாடகைத் தோட்டத்தில் பீன்ஸ் போட்டு, பக்கத்துத் தோட்டக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதுதான் அவள் தொழில். வரிசையாக சைக்கிள் வந்து நின்றதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“யாராவது செத்துட்டாங்களா?” என்றாள்.

ஃபென்னா கேள்வியைக் கேட்டாள். லுப்பெர்ட் பின்னால் நின்றுகொண்டு கண்ணைக் கண்ணைக் காட்டினார்.

“லேட்டா? நானா?” அலைடா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “என் வாழ்க்கையில ஒரு பக்கத்தைக்கூட நான் லேட்டாத் திருப்பினதில்லை. வேற ஏதாவது கேக்கணுமா? இல்லைன்னா அந்தச் செடியை மிதிச்சுக்கிட்டு நிக்காதீங்க.”

அவ்வளவுதான். அந்த இடம் போயிற்று. முதல் எண்ணாக வந்த யுரே என்ற இருபத்தாறு வயதுப் பையனுக்குக் கொடுத்தார்கள். அவன் அன்றிலிருந்து தாடி வளர்க்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலை ரொட்டியில் சாக்லேட் துகள் தூவிக்கொண்டிருந்த அலைடாவின் முன்னால் லுப்பெர்ட் வந்து உட்கார்ந்தார்.

“ஒரு வார்த்தை, அலைடா. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாசிச்சிருப்பேன்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“உண்மையைச் சொல்லச் சொல்றேன்!”

“உண்மையைத்தான் சொன்னேன். யோவ் லுப்பெர்ட், நாப்பத்தஞ்சு வருஷமா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நாற்காலியை வட்டமாப் போட்டு எல்லாரும் கேக்கைத் தட்டுல வெச்சுக்கிட்டு உக்காந்ததும் நீ ஆரம்பிப்பே. அலைடா லேட், பக்கம் ஒட்டிக்கிச்சு, நான் காத்திருந்தேன். உன் அண்ணன் சிரிப்பான், அண்ணி சிரிப்பா, நான் கேக்கை முழுங்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். பக்கம் ஒட்டவே இல்லை. நான் திருப்பி, வில்லை மேல தூக்கி, ரெடியா நின்னேன். நீதான் என்னைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தே. வாசிக்கிறதையே மறந்துட்டே.”

“அபாண்டம்! கச்சேரியில நான் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காருவேனா? நான் யாரு தெரியுமா?”

“தெரியும். நாலாவதா வந்தவன்.”

லுப்பெர்ட் எழுந்துபோய் ஹார்ப்சிகார்டின் மூடியைத் திறந்து, ஒன்றும் வாசிக்காமல் திரும்ப மூடினார். அதற்கப்புறம் வீட்டில் உப்பு, கதவு, மழை என்று ஒற்றைச் சொற்கள்தான்.

அங்கே ஒத்திகை அமோகமாக நடந்தது. ஆட்டுக்குடல் தந்திக்குக் கால் கட்டை ஏற்றம் தாங்குமா? பட் பட்டென்று அறுந்துகொண்டே இருந்தது. யாரும் கவலைப்படவில்லை, அந்தக் காலத்துக்காரர்கள் எவ்வளவு துணிச்சலானவர்கள் என்று மெச்சிக்கொண்டார்கள். முதல் கச்சேரியின் இடைவேளையில் பட்டாணி சூப் கொடுத்ததாக யாரோ சொன்னதால் சூப்புக்கு ஏற்பாடு ஆயிற்று. அன்றைக்குச் சபையில் யாரோ பிடித்த புகைக் குழாய்க்குத் தீயணைப்புத் துறை அனுமதி மறுத்ததால், பற்ற வைக்காத குழாயை வாயில் வைத்திருக்க ஒருவரை நியமித்தார்கள். அப்பாவின் இருமலை ஆர்னவுட்டே ஏற்றுக்கொண்டார். பல்லைப் பிடுங்குகிற இடைவெளிகளில் பயிற்சி செய்தார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நோயாளிகள் வேறு மருத்துவரைத் தேடிப் போனார்கள். அவர் இருமினால்தான் கடைசி ஸ்வரம் தொடங்கலாம் என்று ஃபென்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் மனுஷருக்குத் தூக்கமே போய்விட்டது.

லுப்பெர்ட்டை விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஆதாரமாக இல்லாவிட்டாலும் அளவெடுக்க உதவுவார் அல்லவா? அவர் உட்கார்ந்த ஸ்டூலின் உயரத்தை அளந்துகொண்டு போனார்கள். பழைய மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கினார்கள். ஒருநாள் யுரேயே பூங்கொத்தோடு வந்து வாசலில் நெளிந்தான்.

“உங்க தலையசைப்பு மட்டும் எனக்கு வரவே இல்லை. ஒரு தடவை ஆட்டிக் காட்டுறீங்களா?”

வந்த கோபத்துக்குப் பையனைக் கால்வாயில் தள்ளியிருக்கலாம். ஆனால் தாடி அரைகுறையாக முளைத்த அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. லுப்பெர்ட் தலையாட்டிக் காட்டினார்.

“இது இல்லீங்க. இது இப்ப ஆட்டுறது. போட்டோவுல வேற மாதிரி இருக்கே,” என்று பழைய படம் ஒன்றை நீட்டினான் யுரே. கண்ணை இறுக்கி, மூக்கைச் சுருக்கி, தலை முன்னால் பாய்கிறது.

“தம்பி, இதுல நான் தும்முறேன்.”

“ஓ!” என்று யுரே படத்தை வாங்கிப் பார்த்தான். “எந்தத் தாளத்துல தும்முனீங்க?”

கச்சேரிக்குப் போவதில்லை என்று லுப்பெர்ட் சபதமே எடுத்திருந்தார். ஆனால் நாள் வந்ததும் மத்தியானமே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தன் தலைக்கு இறங்காவிட்டால் என்ன, ஏழு வில்களும் இறங்குவதைக் கண்ணாலாவது பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அலைடாவும் சைக்கிளை எடுத்தாள். “நீ எதுக்கு?” என்று கேட்டார். “சூப் குடுக்கிறாங்களாம்,” என்றாள். இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராக, பேசாமல், கால்வாய் ஓரமாகத் தேவாலயத்துக்குப் போனார்கள். மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இடம். நடுவில் அலைடா கைப்பையை வைத்துக்கொண்டாள்.

உள்ளே அப்படி ஒரு புழுக்கம். அதில் எட்டுப் பேர் கெட்டிக் கம்பளி ஸ்வெட்டரோடு வந்து உட்கார்ந்தார்கள். ஹார்ப்சிகார்டில் யுரே, தாடியும் இரவல் கண்ணாடியுமாக. முதல் வயலினில், அதாவது அலைடாவின் இடத்தில், ஃபென்னா. யுரே தும்முகிற மாதிரி தலையைப் பாய்ச்ச, இசை கீச்சென்று கிளம்பியது. வேகமென்றால் அப்படி ஒரு வேகம். முதல் பகுதி முடிவதற்குள் இரண்டு தந்திகள் அறுந்தன. சபை மெய்மறந்து கேட்டது. பக்கத்தில் ஒரு அம்மாள், “எவ்வளவு உண்மையா இருக்கு பாருங்க!” என்று லுப்பெர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மெதுவான பகுதி வந்தது. அதன் முடிவும் வந்தது. யுரே கையைத் தூக்கினான். ஏழு வில்களும் நின்றன. நிசப்தம்.

முன்வரிசையில் ஆர்னவுட் இருமத் தயாராக எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வாரக்கணக்காக இருமி இருமித் தொண்டை புண்ணானதில், அவர் மனைவி காலையிலிருந்து உப்பு அதிமதுர மிட்டாயை ஒன்று மாற்றி ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். தொண்டை வெண்ணெயாக வழுக்கியது. முக்கினார், முகம் சிவந்தது, காது சிவந்தது. ஒரு சின்ன ஏப்பம் வந்தது. ஃபென்னா இல்லை என்று தலையசைத்தாள். ஏப்பம் டேப்பில் இல்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். சபைக்கு இது தெரியுமா? தலையணை கனத்துப் புத்தகத்தைப் படித்தவர்கள் பாதிப் பேர், படித்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் மீதிப் பேர். கண்ணை மூடிக்கொண்டு நிசப்தத்தை அனுபவித்தார்கள். யாரோ விசும்பினார்கள். கோபுர மணி அடித்து ஓய்ந்தது. வியர்வை ஸ்வெட்டரிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. இன்னொரு தந்தி தானாகவே அறுந்தது. எல்லாரும் சமம் என்று வைத்துவிட்டால் யார்தான் முதலில் அசைவது? ஆர்னவுட் கண்ணில் நீர் வழிய, அப்பாவை நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார்.

லுப்பெர்ட்டுக்கு முதலில் உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம். நல்லா வேணும் என்று நினைத்தார். அப்புறம் யுரேயின் கைகளைப் பார்த்தார். கீக்கு மேலே தூக்கிய கைகளை இறக்கவும் முடியாமல், வாசிக்கவும் முடியாமல் அப்படியே வைத்திருந்தான். கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வந்து நின்றது. பையன் அழுதுவிடுவான் போலிருந்தது. சந்தோஷமெல்லாம் வடிந்து, அடப் பாவிகளா, ஒருத்தராவது அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லக் கூடாதா என்று மனம் பதறியது.

பக்கத்தில் கைப்பை கீழே விழுந்தது. அலைடா எழுந்து நின்றாள்.

“மன்னிச்சுக்கோங்க,” என்றாள். தேவாலயமாயிற்றே, குரல் கூரை வரை போய் வந்தது. “லேட் பண்ணினது நான்தான். முதல் கச்சேரியில என் பக்கம் ஒட்டிக்கிச்சு. லுப்பெர்ட் எனக்காக நின்னான். டேப்ல இருக்கிறது அவ்வளவுதான். ஆர்னவுட், உக்காருப்பா, போதும்.”

சபையே மூச்சை இழுத்தது. ஃபென்னாவின் வில் கீழே தொங்கியது.

“அன்னிக்குத் தோட்டத்துல கேட்டேனே! அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“அன்னிக்கு பீன்ஸ் பறிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்றேன். ரெண்டு ஞாபகம் ஒத்துப்போச்சா இல்லையா?”

ஃபென்னா நின்றாள். அவளுடைய புத்தகம் முழுக்க அந்த நிசப்தத்தில் கரைந்துகொண்டிருந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் நேர்மைக்காரி என்று சொன்னேனே.

“ஒத்துப்போச்சு,” என்றாள். “அப்ப தேர்வு முடிவு தப்பு. அந்த இடம் லுப்பெர்ட்டோடது.”

யுரே எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. “வாங்க, வாங்க, தயவு செஞ்சு வாங்க!” என்று கையெடுத்துக் கும்பிடாத குறைதான். லுப்பெர்ட் முன்னால் போனார். “ஸ்வெட்டர்!” என்று நிர்வாகக் குழுவிலிருந்து யாரோ கத்தினார்கள். நாற்பத்தைந்து வருஷத்துக் கொண்டாட்டம், சும்மா விடுவார்களா? யுரே தன் ஸ்வெட்டரைக் கழற்றி, பிழிந்தால் ஒரு வாளி வரும் அந்தச் சனியனை, லுப்பெர்ட்டின் தலைவழியாக மாட்டிவிட்டான். கண்ணாடியையும் வைத்துவிட்டான்.

லுப்பெர்ட் ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தார். கையைக் கீயில் வைத்தார். ஏழு வில்களும் மறுபடியும் தூக்கிய நிலையில் நின்றன. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான்.

பழக்கத்தில் முதல் வயலினைத் தேடிய கண்கள் ஃபென்னாவிடம் நிற்கவில்லை. நேராக மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டன. அலைடா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சின் முதுகைப் பிடித்திருந்த விரல்கள் வீங்கியிருந்தன, நகத்துக்குள் தோட்டத்து மண். அவள் பொய் சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்குச் சட்டென்று புரிந்தது. பக்கத்து வீட்டுக் கேக் நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருநாளும் பொய் சொல்லாதவள். ஊர் முழுக்கக் கூடியிருக்கிற சபையில், தான் ஒருபோதும் லேட் பண்ணாதவள் என்ற அந்த ஒரே பெருமையைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்கிறாள். அவருக்காக. நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, வில்லைத் தூக்கியவள் நிற்பது மாதிரியே நின்றாள். எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிக்கொண்டே இருந்தது.

வில்கள் நின்றன. சபை நின்றது. எங்கோ ஒரு சூப் தட்டு கணகணத்து அடங்கியது.

“யோவ் லுப்பெர்ட்!” என்றாள் அலைடா. “வாயை மூடிக்கிட்டு வாசிய்யா!”

அப்போதுதான் தன் வாய் திறந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. பக்கம் ஒட்டவில்லை. அன்றைக்கும் ஒட்டியிருக்காது.

அவர் வாயை மூடினார். தலையசைத்தார். ஏழு வில்களும் ஒன்றாக இறங்கின.